மூன்று பேர் சொன்னால்தான்

"பெரியவரே, செத்துப்போனவங்க பேரைக் கூப்பிட்டப்ப, வேற யாராச்சும் பதில் சொன்னாங்களா?"

நான்காம் படிவ மாணவி யோகிதா எழுந்து நின்று கேட்டாள். வகுப்பறையின் முன்சுவர் முழுவதும் திரை. அதில் மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்த கிழவர், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. அப்படி யாரும் செய்யல. ஜப்பான்காரன் விட மாட்டான். செத்தா பேர அடிச்சிடுவாங்க, அவ்வளவுதான்."

யோகிதா உட்காரவில்லை. ஆசிரியையின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், பெரியவர் பொய் சொல்றாரு."

பின்வரிசை சிரித்தது. "ஏய், தாத்தா கோவிச்சுக்குவாரு லா. அப்பறம் சோதனை நேரத்துல ஒண்ணும் சொல்லித்தர மாட்டாரு."

புனிதமலருக்குச் சிரிப்பு வரவில்லை. கெடாவின் அந்தத் தமிழ் இடைநிலைப்பள்ளியில் பதினாறு வருடமாக வரலாறு நடத்துகிறாள். பெரியவரைப் பொய்யர் என்று சொன்ன முதல் பிள்ளை இவள்தான்.

உண்மையில் பெரியவர் என்று ஒரு மனிதர் இல்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போட, ஜப்பானிய ராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. திரும்பியவர்களில் முப்பத்தெட்டுப் பேர், ஏழாம் பாலத்து முகாம் என்ற ஒரே முகாமில் இருந்தவர்கள், கிழவர்களான பிறகு கேசட்டில் பேசியிருக்கிறார்கள். இணையச் சாட்சியகம் அந்த முப்பத்தெட்டுக் குரல்களையும் சேர்த்துப் பிசைந்து ஒரு குரலாக்கி, ஒரு முகம் கொடுத்து, பலகையில் உட்காரவைத்திருக்கிறது. கேட்டால் பதில் சொல்வார். நூறு முறை கேட்டாலும் சலிக்க மாட்டார்.

இந்தச் சாட்சியகத்தில் உலகத்தின் எல்லா இன அழிப்புகளுக்கும் ஒரு வாசல் உண்டு. உள்ளே போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெரியவரோ பெரியம்மாவோ காத்திருப்பார்கள். முன்பெல்லாம் புனிதமலர் அசல் கேசட்டுகளைத்தான் போட்டுக் காட்டினாள். இருமல், கோழிச் சத்தம், பாதியில் நின்றுபோகும் பேச்சு. ஐந்தாவது நிமிடத்தில் பாதி வகுப்பு தூங்கிவிடும். பெரியவர் வந்த பிறகு ஒருவரும் தூங்கியதில்லை.

"எதை வச்சுப் பொய்யிங்குற?"

"முப்பத்தோராவது பதிவு, டீச்சர். வீட்டுப்பாடத்துக்கு அசலையும் கேளுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்வாள், ஒவ்வொரு வருடமும். யாரும் கேட்டதில்லை.

"அதுல ஒருத்தர் சொல்றாரு, செத்துப்போன அண்ணன் பேருக்கு அவரே பதில் சொன்னாராம். ஆனா அந்தப் பதிவுக்குப் பக்கத்துல செகப்பா ஒரு கோடு போட்டிருக்கு. வியாழக்கிழமை நீக்கப்படும்னு எழுதியிருக்கு."

அன்று ஞாயிறு. கெடாவில் வாரத்தின் முதல் பள்ளி நாள்.

*

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து காதுப்பொறியை மாட்டிக்கொண்டாள். 1991இல் ஒரு கல்லூரி மாணவன் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போய்ப் பதிவு செய்தது. பேசுபவர் பெயர் சடையன்.

"மழ நிக்கவே இல்ல. வாந்திபேதி கண்டவங்கள ஒரு கொட்டகையில போட்டுட்டாங்க. ஜப்பான்காரன் உள்ள வர மாட்டான், ஒட்டிக்கும்னு பயம். வெளிய நின்னு மண்டோரு, அதான் எங்க கங்காணி, பேர வாசிப்பாரு. உள்ளேர்ந்து 'இருக்கேன்'னு சொல்லணும். சொன்னா அரைச் சட்டிச் சோறு. எங்கண்ணன் வீரணன் எம்பக்கத்துலதான் கெடந்தான். விடியறதுக்குள்ள போயிட்டான். பேர வாசிச்சாங்க. நான்..."

கோழி ஒன்று கத்தியது. கிழவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

"நான் 'இருக்கேன்'னுட்டேன். அவன் கொரல்ல. அவனுக்கு மெல்லிசுக் கொரலு. இருவத்திரண்டு நாளு அவன் சோத்தையும் நாந்தான் தின்னேன். நான் மட்டுமில்ல தம்பி. அந்தக் கொட்டகையில அறுவது பேரு. கடைசியில உசுரோட கெடந்தது இருவத்திமூணு. கொரலு மட்டும் அம்பத்திநாலு. மண்டோருக்கும் தெரியும். அவருக்கும் பங்கு போச்சு."

நாடா கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியது.

"ஒரு நாளு எனக்குக் கடுங்காய்ச்ச. வீரணன்னு கூப்பிட்டாங்க. அவன் கொரலு வரணுமேன்னு தம்மெல்லாம் புடிச்சுச் சொல்லிட்டேன். அடுத்தாப்ல சடையன்னு கூப்பிட்டாங்க. கண்ணு சொருகிடுச்சு. எம்பேருக்கு நான் சொல்லல. அடிச்சிட்டாங்க. அதுக்கப்பறம் பத்தொம்போது நாளோ என்னவோ, அண்ணன் சோறு மட்டுந்தான். சடையன் செத்துட்டான்ல."

"அய்யா, அப்ப ஊருக்குத் திரும்பி வந்தது?" என்று மாணவன் கேட்டான்.

"லிஸ்டுல இருந்தவந்தான் வந்தான். வீரணன். அந்தப் பேருலதான் ஐ.சி. அட்டை குடுத்தாங்க, அந்தப் பேருலதான் கல்யாணம். டேப்ப நிறுத்து தம்பி."

புனிதமலர் காதுப்பொறியைக் கழற்றினாள். அவள் பாடத்தில் ஒரு எண் இருந்தது. ஏழாம் பாலத்து முகாமுக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, இறந்தவர்கள் நாற்பத்தொன்று. முகாமின் பெரட்டுப் புத்தகம், அதாவது பெயர் கூப்பிட்டு அடித்து வைத்த வருகைப் பதிவு, அப்படித்தான் சொல்கிறது. ஐந்து வருடமாக அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறாள். ஒரு கொட்டகையிலேயே முப்பத்தேழு பேர் செத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஆறே ஆறு பெயர்தான் அடிபட்டிருக்கிறது. அப்படியானால் மற்றக் கொட்டகைகள்?

*

"உங்களுக்குத் தெரியாத விதியா டீச்சர்? நீங்க கை தூக்கின விதிதானே?"

சாட்சியகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எட்வின் சவரிமுத்து, அழைப்பில் அவள் விவரத்தைச் சொல்லி முடித்ததும் கேட்டது இது. நல்ல மனிதர். முன்பு ஆசிரியராக இருந்தவர். திங்கட்கிழமை காலையிலேயே களைத்திருந்தார்.

பங்கேற்பு ஆசிரியர்கள் வாக்களித்த கூட்டத்தில் கை தூக்கினாள்தான். மறக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு, ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் போலிச் சாட்சிகள் வந்து இறங்கின. எல்லாம் கணினியில் செய்த கிழவர்கள். 'எங்களை நல்லாத்தான் வச்சிருந்தாங்க, ஞாயித்துக்கிழமை கறிச்சோறு போட்டாங்க' என்று கண்ணீரோடு சொன்னார்கள். குரலிலும் முகத்திலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அழித்தவர்களின் வாரிசுகளுக்கு அது போதும். எது அசல், எது போலி என்று தெரியாவிட்டால், எல்லாமே போலி என்று சொல்லிவிடலாம்.

அதனால் இரண்டு பூட்டுகள் போட்டார்கள். முதல் பூட்டு, பழைய காந்த நாடாவில் இருக்கும் பதிவை மட்டுமே ஏற்பது. நாடாவின் இரைச்சலும், மோட்டார் ஓடும் தள்ளாட்டமும், துகள் உதிர்ந்த இடங்களும் சேர்ந்து கைரேகை மாதிரி. இரண்டாவது பூட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒருவர் மட்டும் சொன்னது தனிக்குரல். முத்திரை வைக்கும் நாளில் தனிக்குரல்கள் நீக்கப்படும்.

"நீக்கணும்னு என்ன கட்டாயம் சார்? ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டுமே."

"மூலையில கெடந்ததத்தான் அவனுங்க எடுத்தானுங்க. 'பாரு, உன் சாட்சிங்களே ஒருத்தன ஒருத்தன் மறுக்கிறான்'னு வழக்கு போட்டு, ஆப்பிரிக்கா பிரிவு ஒண்ணு மொத்தமா மூடிட்டாங்க. முரண் ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. அதான் முத்திரை."

"இது முரண் இல்ல சார். உண்மை."

"மத்த முப்பத்தேழு பேர்ல முப்பத்தொரு பேர் 'அப்படி யாரும் செய்யல'ன்னு தெளிவாச் சொல்லியிருக்காங்க. ஆறு பேர் அதப்பத்திப் பேசவே இல்ல. இன்னொண்ணும் இருக்கு டீச்சர். உங்க சடையன், பெரட்டுப் புத்தகத்துல நாப்பத்தி மூணாம் வருசமே செத்துட்டார். செத்தவர் தொண்ணூத்தொண்ணுல எப்படிப் பேசுவார்? மெஷின் அத எப்படிப் பாக்கும்னு நீங்களே சொல்லுங்க."

"அது ஏன்னுதான் அவரே சொல்றாரே!"

"அவர் சொல்றத நம்பினாத்தானே அவர் யாருன்னு நம்ப முடியும்?" எட்வின் கண்ணாடியைக் கழற்றினார். "என்னைத் திட்டாதீங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு முத்திரை. அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் சொன்னதாக் காட்டுங்க. மூணு பேர் 'செஞ்சேன்'னா, மத்தவங்க மறுப்பு அவங்கவங்க கொட்டகையோட நின்னுடும், முரண் ஆகாது. நானே உள்ள சேத்துடறேன். முத்திரை விழுந்தா அடுத்த வருசப் பாடநூல்ல அந்த எண்ணுதான். அதுக்கப்பறம் யாராலயும் மாத்த முடியாது."

*

செவ்வாய்க்கிழமை பாடத்தை நிறுத்திவிட்டாள். வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கேசட், புனிதமலருக்கு ஒன்று. எங்காவது ஒருவர், அரைகுறையாகவாவது, 'நானும் சொன்னேன்' என்றிருப்பார். அதுதான் வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு பெண் எழுந்துபோய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். முழங்கால் அளவு சேற்றில் பிணத்தை இழுத்ததைப் பற்றி அவள் கேட்ட கிழவர் நாற்பது நிமிடம் பேசியிருந்தார். பெரியவர் அதை இரண்டு வரியில் சொல்லிவிடுவார். பின்வரிசையில் தினமும் கிண்டல் பேசுகிற தனுஷ்ராஜ் மேசையில் கவிழ்ந்திருந்தான். தூங்கவில்லை. தோள் குலுங்கியது.

"வேணாம்னா கழட்டி வச்சுடுப்பா" என்றாள்.

"இல்ல டீச்சர். இவர் இன்னும் முடிக்கல."

பள்ளி முடியும் நேரத்தில் பிள்ளைகள் குறித்துவைத்ததை யோகிதா படித்தாள்.

"ஒன்பதாவது ஆள், பெரட்டு பத்திக் கேட்டதும் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போயிட்டாரு. பன்னெண்டாவது ஆள், 'அதெல்லாம் வேற கொட்டகைக்காரங்க செஞ்சிருப்பாங்க, நாங்க மானஸ்தங்க'ன்னு சொல்றாரு. கேக்காமலேயே மூணு தடவ சொல்றாரு. இருவதாவது ஆள், 'செத்தவன் சோறு தொண்டையில எறங்குமா?'ன்னு கத்துறாரு, அப்பறம் அழுவுறாரு." தாளை மடித்தாள். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர். எல்லாரும் செஞ்சிருக்காங்க. ஒருத்தர்கூடச் சொல்லல."

புனிதமலர் அதை அப்படியே எட்வினுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. படித்தேன், எனக்கும் தாங்கவில்லை, ஆனால் மௌனத்தைச் சாட்சியாக எண்ண இயந்திரத்துக்கு வழியில்லை என்று எழுதியிருந்தார்.

*

கல்லூரி மாணவன் எழுதிவைத்த குறிப்பில் தோட்டத்தின் பெயர் இருந்தது. தோட்டம் இப்போது வீட்டு மனைகளாகிவிட்டது. நான்கு இடங்களில் விசாரித்து, புதன்கிழமை மதியம் ஜெகதீசனைப் பிடித்தாள். டயர் கடை வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாங்கண்ணே. உங்க தாத்தாவப் பத்திப் பேச வந்தேன். சடையன்."

"சடையனா? அது எங்க தாத்தாவோட தம்பிங்க. சயாம்லயே செத்துட்டாரு. எங்க தாத்தா பேரு வீரணன்."

அவள் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஜெகதீசன் பாதியில் எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த காற்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"அப்ப கல்லறையில நாங்க பொறிச்சு வச்சிருக்கிறது?"

"உங்க பெரிய தாத்தா பேரு."

"வருசாவருசம் சயாம்ல செத்தவருன்னு சொல்லி ஒரு எலை போட்டுப் படைப்போமே, சடையன் தாத்தாவுக்கு. அவரே பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன் டீச்சர். யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா மொதல் தடவ திரும்ப மாட்டாரு. காது மந்தம்னு நெனச்சோம். எனக்கு எட்டு வயசு இருக்கறப்பப் போயிட்டாரு."

"அவர் குரல் எங்கிட்ட இருக்கு. கேக்குறீங்களா?"

அவர் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம். இப்ப வேணாம். அண்ணன் சோத்தத் தின்னேன்னு அவர் வாயாலயே... என்னால முடியாது." பிறகு, "அது ஏன் டீச்சர் இப்ப வெளிய வரணும்? போனது போகட்டுமே. எங்க அப்பாவுக்கே தெரியாம மறைச்சு வச்சிருக்காரு."

"மறைக்கணும்னா டேப்புல ஏன் சொன்னாரு? குடும்பத்துல யார்கிட்டயும் சொல்லல. முகந்தெரியாத ஒரு தம்பிகிட்டச் சொல்லியிருக்காரு. யாராச்சும் ஒருத்தருக்காவது தெரியணும்னுதானே அண்ணே? முப்பத்தெட்டுப் பேர்ல உங்க தாத்தா ஒருத்தருதான் சொல்லியிருக்காரு. நாளைக்கு அவரு குரலையும் நீக்கிட்டா அங்க நூறு பேரு சாகவே இல்லன்னு ஆயிடும்."

ஜெகதீசன் கைத்துணியை மடித்து மடித்துப் பிரித்தார். கடைசியில், "நான் வந்து சொன்னா ஏத்துக்குவாங்களா? பேரு கூப்பிட்டா திரும்ப மாட்டாருன்னு?"

"பேரப்பிள்ளைங்க சொல்றது சாட்சி இல்லன்னு விதி."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். எழுந்தபோது, கேட்கப்படாத ஒன்றை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "உங்க தாத்தா குரல் போகாது அண்ணே. நான் பாத்துக்கறேன். உங்களால முடியுறப்ப வந்து கேளுங்க."

*

வியாழக்கிழமை இடைவேளையில் யோகிதா ஆசிரியர் அறைக் கதவருகே நின்றாள்.

"டீச்சர், ரெண்டு பேருதானே வேணும்? நாமளே செஞ்சா என்ன?"

"என்னா செய்யிறது?"

"சாட்சி."

புனிதமலர் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "என்னா பேச்சு இது? போலியக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு போன மாசம்தான் ஆறு பாடம் நடத்தினேன். அவனுங்க செஞ்சதும் நாம செய்யிறதும் ஒண்ணாயிடும்ல?"

"அவனுங்க பொய்யச் சொன்னானுங்க. நாம உண்மையத்தானே சொல்லப்போறோம்?"

"வகுப்புக்குப் போ."

போனாள். புனிதமலர் கதவைத் திறக்கவில்லை.

எப்படிச் செய்வது என்று அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த ஆறு பாடங்களில் ஐந்தாவது அதுதான். பள்ளியின் பாடக் கருவியில் 'முதியவர், வடமலாயாத் தோட்டத் தமிழ், வயது எழுபது' என்று தேர்ந்தெடுத்தால் குரல் தயார். முதல் பூட்டுத்தான் சிக்கல். ஆனால் அந்தப் பூட்டு குரலைப் பார்ப்பதில்லை, நாடாவைப் பார்க்கிறது. பள்ளிப் பண்டகசாலையில் பழைய மொழிக்கூடத்து ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. எண்பதுகளில் வாங்கியவை. பதிவுக்கருவியும் அங்கேயே இருக்கிறது. புதுக் குரலைப் பழைய நாடாவில், பழைய மோட்டாரில் பதிந்து எடுத்தால், இரைச்சல் அசல், தள்ளாட்டம் அசல், உதிர்ந்த துகள் அசல். பதிவான ஆள் மட்டும்தான் இல்லாதவர்.

மணி ஒன்றேமுக்காலுக்கு எழுத ஆரம்பித்தாள். இரண்டு பேர். ஆவுடையன், செங்கோடன். பெரட்டுப் புத்தகத்தில் அடிபடாமல் இருந்து, கேசட்டில் பேசாமல் போன பெயர்கள். இருவரும் வேறு வேறு கொட்டகை. ஆவுடையனுக்கு ஓர் அண்ணன் வேண்டும். பொன்னன் என்று போட்டாள். செங்கோடனுக்கு ஒரு மைத்துனன். நடந்ததை வரிசையாக, குழப்பமில்லாமல் எழுதினாள். கொட்டகையில் எத்தனை பேர், எத்தனை குரல், எத்தனை நாள். நடுவில் இருமலும் தயக்கமும் சேர்த்தாள். சிரிப்பைச் சேர்க்க யோசித்து விட்டுவிட்டாள். எங்கே சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு, பண்டகசாலை நாடாக்களில் இரண்டு குரலையும் பதிந்து முடித்து, பங்கேற்பு ஆசிரியர் என்ற தன் கணக்கில் போய், 'குடும்பத்தினரிடமிருந்து புதிதாகக் கிடைத்த நாடாக்கள், இரண்டு' என்று ஏற்றினாள். சடையனின் பதிவை ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முத்திரை இல்லாத நகலை வைத்திருந்தால் வேலை போய்விடும். அதற்குத் தேவையும் இருக்காது. அதைக் காப்பாற்றத்தானே இதெல்லாம்?

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது திரையில் பச்சை விழுந்தது. நாடா அசல். சாட்சிகள் மூன்று. ஏற்கப்பட்டது.

அப்போதுதான் அழுதாள்.

*

முத்திரையிட்ட புதிய பெரியவர் மூன்று வாரம் கழித்து வந்தார். புனிதமலர் ஜெகதீசனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்றார். பெரியவரின் பாடம் முடிந்ததும், ஆசிரியர் அறையில் உட்காரவைத்து முப்பத்தோராவது பதிவைத் தனியாகப் போட்டுக் காட்டுவதாக அவள் திட்டம்.

வகுப்புக்கு இருபது நிமிடம் முன்பு பட்டியலைத் திறந்தாள். முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டு இருந்தது.

மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு எட்வினை அழைத்தாள்.

"டீச்சர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் எட்வின். குரலில் பழைய களைப்பு இல்லை. "நாப்பத்தொண்ணு போயிடுச்சு. இப்ப நூத்துநாப்பதுக்கு மேல. பெரட்டுப் புத்தகமே செல்லாதுன்னு குறிப்பு போட்டாச்சு. பாடநூலுக்கும் போயிடுச்சு. அந்த ரெண்டு டேப்பு மட்டும் கெடைக்காட்டி..."

"முப்பத்தொண்ணு எங்க சார்?"

"எது? ஓ, அந்தச் சடையன். அது எடுத்தாச்சு."

"மூணு பேர் சொன்னா உள்ள சேத்துடறேன்னு சொன்னீங்களே!"

"சேத்தேனே. அப்பறம்தான் முத்திரைக் கணக்கு ஓடும். மூணு பேர் ஒரே விசயத்தச் சொன்னா, யார் யார் பக்கத்துல நிக்கிறாங்கன்னு மெஷின் பாக்கும். உங்க ஆவுடையனும் செங்கோடனும் அப்படியே ஒட்டி நிக்கிறாங்க. நாள், எண்ணிக்கை, எல்லாம். சடையன் தள்ளி நிக்கிறார். ஒரு எடத்துல இருவத்திரண்டு நாளுங்கறார், இன்னொரு எடத்துல பத்தொம்போதுங்கறார். அழ வேண்டிய எடத்துல சிரிக்கிறார். அதுக்கும் மேல புத்தகத்துல செத்தவர். புத்தகம் செல்லாதுன்னு குறிச்சது இந்தக் கணக்கெல்லாம் முடிஞ்ச பிறகு, டீச்சர்." எட்வின் ஆறுதலாகத்தான் சொன்னார். "யாரோ இவங்க ரெண்டு பேர் கதையக் கேட்டுட்டுச் செஞ்ச போலின்னு முடிவாயிடுச்சு. முந்தி அத உறுதியாச் சொல்ல முடியல. உங்க ரெண்டு டேப்பு வந்ததாலதான் நிச்சயமாத் தெரிஞ்சது. மூணு பேர்னு ஏத்தது ஏத்ததுதான், இப்ப ரெண்டாயிட்டாலும் அந்த எண்ணு போகாது."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"போலிய எப்படி டீச்சர் திரும்ப எடுக்கிறது? நாடாவையும் பொடியாக்கியாச்சு."

வாயைத் திறந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாடாவும் போகும். போலி கலந்த முகாம் என்று முத்திரை மொத்தமும் உடையும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர், மானஸ்தர், கத்தி அழுதவர், எல்லோரும் போவார்கள். நூற்றுநாற்பதும் போய், நாற்பத்தொன்றும் போய், ஒன்றுமே இல்லாமலாகும்.

"டீச்சர்? இருக்கீங்களா?"

"நன்றி சார்" என்றாள்.

வாசலில் ஜெகதீசன் நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, திருநீறு. நகக்கண்ணில் மட்டும் டயர்க் கறுப்பு போகாமல் இருந்தது. அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். தனுஷ்ராஜ் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான்.

பெரியவர் பேச ஆரம்பித்தார். "கொட்டகைக்கு வெளிய நின்னு மண்டோரு பேர வாசிப்பாரு. எங்கண்ணன் விடியறதுக்குள்ள எறந்துட்டான். அவன் பேர வாசிச்சப்ப, நான்தான் 'இருக்கேன்'னு சொன்னேன். இருவத்திரண்டு நாளு அவன் சோத்த நான் சாப்பிட்டேன்."

ஒரு தயக்கம். ஓர் இருமல். அவள் வைத்த இடத்தில்.

ஜெகதீசன் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார். அருகே போய் நின்ற புனிதமலரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "அவர் கொரலேதான் டீச்சர். அம்பது வருசமாச்சு. அப்படியே இருக்கு."

முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது. "உங்க அண்ணன் பேரு என்னா, பெரியவரே?"

"பொன்னன்."

முப்பத்தைந்து பேனாக்கள் அதைக் குறித்துக்கொண்டன.

"பேர மாத்திட்டீங்க" என்று ஜெகதீசன் கிசுகிசுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "எங்க குடும்பம் வெளிய தெரிய வேணாம்னு மாத்தியிருக்கீங்க. பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. அந்தத் தனி டேப்ப நான் கேக்க வேணாம். இது போதும்."

யோகிதா மட்டும் எழுதவில்லை. சடையனைக் கேட்டவள் அவள். பேனாவைப் பிடித்தபடி திரும்பி முதலில் ஜெகதீசனைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். கேள்வி கேட்க எழுபவள் மாதிரி மேசையில் கை ஊன்றி அரைவாசி எழுந்தும் விட்டாள்.

புனிதமலர் அவள் எழட்டும் என்று காத்திருந்தாள். எழுந்து சொல்லிவிடட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

கிழவரின் பேரன் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

யோகிதா மெதுவாக உட்கார்ந்தாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, பொன்னன் என்று எழுதினாள்.